இத்தாலிய வண்டி யோங் பெங்கில் பின்வாங்கிய படலம்

வாழ்க சோமசேகரனார்! கூலாய் நகரத்துப் பல் மருத்துவர், பற்களின் காவலர், கடைவாயின் இருளில் பதுங்கிய சொத்தைக்கும் அஞ்சாத வலக்கையர், மனைவியின் சொல்மழையை எல்லாம் தலைக்கவசத்தில் தாங்கி, ஐம்பத்து நான்காம் வயதில் அறுநூற்றைம்பது சிசி இத்தாலியப் புரவி ஒன்றை வாங்கிய பெருந்துணிவர், வாழ்க!

புரவியின் பெயர் வெல்தாரா. மற்ற வண்டிகள் பிளாஸ்டிக் கவசத்துள் மெய்ம்மறைத்துத் திரிய, இதுவோ கவசத்தை இகழ்ந்து, எந்திரமும் குழாய்களும் வெயிலில் ஒளிர, திறந்த மார்போடு நிற்கும் இனம். குலமும் பழங்குலம். பால் கடையும் எந்திரம் செய்துவந்த அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய பட்டறை. போரில் குண்டு விழுந்து கூரை பறந்தபின், ஒருவர் குடைபிடிக்க மற்றவர் வேலைசெய்து முடித்த முதல் மோட்டார் சைக்கிள். தன்னினும் இருமடங்கு பருத்த வண்டிகளை மலைப்பாதைப் பந்தயங்களில் புழுதி தின்னவைத்த வரலாறு!

இவ்வளவையும் அந்தச் சனிக்கிழமை காலை, பயணத்தின் நடுவே யோங் பெங் ஊரில், காளியப்பனின் காப்பிக்கடையில் அமர்ந்து நம் வீரர் மூன்று மேசைகளுக்கும் கேட்கும்படி முழங்கினார். அடுத்த ஊரான சாஆவில் பதினொரு மணிக்கு மகன் பிரேமகுமாருக்கு நிச்சயதார்த்தம். குடும்பத்தார் காரில் முன்னே சென்றுவிட்டனர். பெண்ணுக்கு அணிவிக்கவேண்டிய மோதிரமோ வீரரின் சட்டைப்பையில்.

பத்தேகாலுக்கு எழுந்தார். அப்போதுதான் விதி தன் கோரைப்பல்லைக் காட்டியது. கடைமுன் தரை சுவரை நோக்கிச் சரிந்து இறங்குவது. வெல்தாரா அந்தச் சரிவில் மூக்கைச் சுவரில் முட்டி நின்றது. இருநூறு கிலோ இரும்பை மேட்டில் பின்னோக்கி ஏற்றினாலன்றி விடுதலை இல்லை.

ஏறி அமர்ந்தார், இரு கால்களையும் ஊன்றி, மத்தகத்தால் தாக்கும் களிறென உந்தினார். நான்கு விரற்கடை பின்வந்த வண்டி, நாணிய மணமகள்போல் மீண்டும் சுவரோடு ஒண்டியது. இறங்கி நின்று, கொம்பு பிடித்துக் காளையை மடக்குவார்போல் கைப்பிடியைப் பற்றி இழுத்தார், சப்பாத்து வழுக்கியது, முழங்கால் சுவரில் மோதியது, மூன்று மேசைகளும் காப்பியை மறந்தன.

"சார், ரிவர்ஸ் கியர் இல்லையா?" என்றார் காளியப்பன்.

"பந்தயக் குலத்தில் பிறந்த வண்டிக்குப் பின்வாங்கத் தெரியாது!" என்று அறைகூவினார் வீரர். "ஒருவரும் தொடவேண்டாம்! தனியே மீட்பேன்!"

கைப்பேசி அலறியது. மனைவி பிரேமளா. "என்னப்பா, எங்க நிக்கிறீங்கள்? மோதிரம் உங்களிட்டயெல்லோ இருக்கு! ஐயர் மணியைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"வந்துகொண்டிருக்கிறன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் சோமசேகரனார். அந்தப் பொய்யில் அவருடைய காது சிவந்தது. மகன் முகம் நினைவில் எழ, வீரம் மெல்லக் கரைந்தது.

அவ்வேளை, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு வெளியே வந்தாள் பேச்சியம்மாள். செம்பனை எண்ணெய் ஆலையில் பதினாறு ஆண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள், டன் கணக்கில் உரமூட்டைகளைச் சொன்னபடி கேட்கவைத்தவள். ஒரு பார்வையில் களநிலவரம் அறிந்தாள்.

"அண்ணே, இழுத்தா வராது லா. ஏறி உக்காருங்க. முன் பிரேக்க பிடிச்சு ஹேண்டில நல்லா அமுக்குங்க. அது மேல எழும்பறப்ப பிரேக்க விடுங்க, நான் பின்னால இழுக்கிறேன்."

வீரர் நாற்புறமும் நோக்கினார். பின், வாழ்வில் முதன்முறையாக, "சரி தங்கச்சி," என்றார்.

"ஒண்ணு, ரெண்டு, தாரிக்!" என்று, இழுப்பதற்கு மலாய்ச் சொல்லால் குரல் கொடுத்தாள் பேச்சியம்மாள்.

அழுந்திய புரவியின் முன்கால் வில்லென நிமிர்ந்தது. பேச்சியம்மாளின் தோள் மலையென எழுந்தது. பத்து முறை அழுத்தி, பத்து முறை இழுக்க, வெல்தாரா தன் குல வரலாற்றிலேயே முதற்பெரும் பின்வாங்கலை நிகழ்த்திச் சாலையை எய்தியது. காப்பிக்கடை ஆர்ப்பரித்தது. கடகடவென்று எந்திரம் உறும, செம்பனைக் காடுகள் இருமருங்கும் ஓடி ஒளிய, பதினொன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் மோதிரம் பிரேமகுமாரின் உள்ளங்கையில் இருந்தது.

பெண் வீட்டு வாசல் சரிவாக இருந்ததால், வண்டியை எதிரே திடலில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார்.