நல்ல டீசலைத் தேடிப் போன கரவன்

எண்ணெய் ஷெட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. டீசல் அடிக்க வருகிறவர்கள் ஒரு வகை. டீசலை விசாரிக்க வருகிறவர்கள் மற்ற வகை. முதல் வகையைப் பற்றி எழுத எதுவுமில்லை. வருவார்கள், அடிப்பார்கள், போய்விடுவார்கள். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர். அவரை நீங்கள் நிச்சயம் கண்டிருப்பீர்கள். நீங்கள் அவசரமாக எங்கேயோ போகும் நாளில்தான் உங்களுக்கு முன்னால் நிற்பார். வண்டியை விட்டிறங்கி, தாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே மோந்து பார்த்து, பம்பைப் பிடித்திருப்பவரிடம் மீன் சந்தையில் கேட்கும் குரலில், "இது எப்ப வந்தது?" என்று கேட்பார். பம்பைப் பிடித்தவர் விழிப்பார். பின்னால் நிற்கும் லொறி ஹோர்ன் அடிக்கும். அவர் மெதுவாகத் திரும்பி, ஒன்றும் தெரியாத சனம் என்று அந்த லொறியைப் பார்த்து இரக்கப்படுவார்.

இந்த இனத்தில் கலப்பில்லாத ஒருவர் மட்டக்களப்பு நாவற்குடாவில் இருக்கிறார். பெயர் டொமினிக். அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஜப்பான் மினி பஸ்ஸை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே கட்டில் போட்டு, காஸ் அடுப்பு வைத்து, பக்கவாட்டாக மட்டும் நுழையக்கூடிய ஒரு கழிவறையும் கட்டினார். வெளிநாட்டில் இதற்கு மோட்டர் ஹோம் என்று பெயர். டொமினிக் அதைக் கரவன் என்றார். அவரை மரியாதையாகச் 'சேர்' என்று கூப்பிடும் அயலவர்கள் 'சேர்ட பஸ்' என்றார்கள். மனைவி பீற்றிஸ் அதன் யன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டார்.

கரவன் எங்கெங்கே போனது என்று கேட்கிறீர்களா? ஷெட்டுக்குப் போனது. திரும்பி வந்தது. நாட்டில் எண்ணெய்க்கு வரிசை நின்ற அந்த நாட்களில்தான் அது தன் ஒரே நெடும்பயணத்தைச் செய்தது: வரிசையின் வாலில் இருந்து தலை வரைக்கும். மற்றவர்கள் றோட்டோரம் பாயில் சுருண்டு கிடக்க, டொமினிக் கட்டிலில் படுத்தார், தேநீர் ஊற்றிக் குடித்தார், முன்பின் நின்றவர்களுக்கும் கொடுத்து நல்ல பெயர் வாங்கினார். கடைசியில் அவருடைய முறை வந்தது. ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடிக்கச் சொல்லி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். தேநீர் குடித்தவர்களே அவரை அடிக்க எழும்பினார்கள்.

இலங்கையில் இருப்பது சாதாரண ஓட்டோ டீசல், விலை கூடிய சுப்பர் டீசல் என்று இரண்டுதானே, ஏதோ ஒன்றை ஊற்றினால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். இப்படி நினைப்பவர்களால்தான் நாடு இந்த நிலைக்கு வந்தது என்பது டொமினிக்கின் கருத்து. சுப்பரில் கந்தகம் குறைவு, ஆனால் கந்தகம் குறைந்தால் பழைய இன்ஜினின் பம்புக்கு வழுவழுப்புப் போதாது. ஓட்டோவில் வழுவழுப்பு உண்டு, ஆனால் புகையும் உண்டு. பவுசர் லொறி வந்து எண்ணெய் இறக்கிய உடனே அடித்தால் ஷெட் தாங்கியின் அடிவண்டல் கலங்கி வரும், வண்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் காற்றில் இருக்கிற ஈரம் இறங்கிவிடும். மாரியில் வாவித் தண்ணீர் ஊறும், கோடையில் எண்ணெய் ஆவியாகும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஈரம் குடித்த டீசலில் பாசி பிடிக்கும் என்று ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் கரவன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டிருந்தார். அந்த ஜெர்மன்காரர் பிறந்தது பக்கத்து ஊரான ஆரையம்பதியில். அதனால் என்ன? பாசி பாசிதானே!

இப்படி இருக்கும்போது வாகரையில் ஒரு கலியாணம் வந்தது.

பீற்றிஸின் தங்கை புஸ்பத்தின் மகள் சர்மிலாவுக்குக் கலியாணம். சர்மிலா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளுடைய தகப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாதா கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆண்துணை வேண்டும். அவளே நாவற்குடாவுக்கு வந்து கேட்டாள்.

"பெரியப்பா, அப்பாட இடத்துல நீங்கதான் நிக்கணும். வேற ஆரையும் நான் கேக்கயில்ல."

டொமினிக் கல்நெஞ்சர் அல்ல. தோளை அணைத்துக்கொண்டு அழுதவளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய தலையில் கைவைத்து, "ஓம் மகள், நான் வாறன். கரவன்லயே வாறன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாகரைப் பக்கம் எண்ணெய் எப்பிடிப் புள்ள?" என்று கேட்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். தாங்கியில் கிடந்த டீசல் ஈரம் குடித்துவிட்டது என்று தீர்ப்பளித்து, அடித் திருகாணியைக் கழற்றி, அதை எல்லாம் வாளியில் இறக்கினார். ஷெட்டைத் தேடிப் போய்ச் சேரும் அளவுக்கு ஏதோ கொஞ்சம் விட்டுவைத்தார். பீற்றிஸ் குசினி யன்னலால் இதைப் பார்த்தார். அவருடைய கை கலியாணக் கேக்கின் மேல் ஐசிங் பூ வைத்துக்கொண்டிருந்தது. பூ ஒன்று கொஞ்சம் கோணியது.

விடியக் காலை புறப்பட்டார்கள். கேக் கட்டிலின் நடுவில், இரண்டு தலையணைகளுக்கு இடையில், பட்டுத்துணி போர்த்தி இருந்தது. டொமினிக் கோட் போட்டிருந்தார். சட்டைப்பையில் செபமாலை; கோட்டுப் பையில் கண்ணாடிப் போத்தல்.

கல்லடியில் ஷெட் திறந்திருந்தது. ஒரு வண்டிகூட இல்லை.

"இஞ்ச பாருங்க, இதுல அடிச்சிட்டுப் போவம். நேரத்தோட போய்ச் சேந்துரலாம்."

"பீற்றிஸ், ஷெட் வாவிக்கரையிலதானே இரிக்கி! நிலத்துக்குக் கீழ இரிக்கிற தாங்கிக்குத் தண்ணி ஊறாதா?"

ஏறாவூரில் ஒரு ஷெட்டில் அப்போதுதான் பவுசர் நின்று இறக்கிக்கொண்டிருந்தது. டொமினிக் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கலங்கல்! சித்தாண்டிப் பக்கம் ஒன்றில் ஓட்டோ டீசல் மட்டும்தான் இருந்தது. ஓட்டமாவடியில் சுப்பரும் இருந்தது. பீற்றிஸ் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, டொமினிக் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்து ஏறினார்.

"சுப்பர் இஞ்ச ஆரும் அடிக்கிறல்லயாம். அப்ப அது எவ்வளவு காலம் கிடக்குதோ?"

"அப்ப ஓட்டோவ அடிங்க."

"அது நல்லா ஓடுதாம். அடங்க நேரமே இல்ல."

விற்காவிட்டால் பழையது, விற்றால் கலங்கல். இந்தத் தர்க்கத்துக்குள் ஒரு துளி டீசலாவது நுழைய வழி இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். பீற்றிஸும் அதைத்தான் யோசித்தார். ஆனால் வாய்விட்டுக் கேட்டால் விளக்கம் வரும். விளக்கம் வந்தால் வண்டி நிற்கும். ஆகவே பின்னால் போய்க் கட்டிலில் கேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

டொமினிக்கிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. மாங்கேணிக்குக் கிட்ட புத்தம்புதிய தாங்கியோடு ஒரு ஷெட் திறந்திருப்பதாகக் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். கன்னித் தாங்கி! வண்டலும் இல்லை, பாசியும் இல்லை. எண்ணெய் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க, வாடகை வீடு தேடுகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார். ஷெட் இருந்தது. பெயர்ப்பலகை வந்திருந்தது, கூரை வந்திருந்தது, பம்ப் இன்னும் வரவில்லை. சீமெந்து மூட்டைகளின் மேல் ஓர் ஆடு படுத்திருந்தது.

பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் பற்றைக்காடாக இருந்த இடத்தில், கரவன் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

டொமினிக் இறங்கி நின்று தூரத்தே தெரிந்த தண்ணீரைப் பார்த்தார். பீற்றிஸ் இறங்கி நின்று றோட்டைப் பார்த்தார். அந்த நேரம் மீன் ஏற்ற வாகரைக்குப் போகும் லொறி ஒன்று வந்து ஓரங்கட்டியது. ஓட்டி வந்தவர் ஏறாவூர் ஹில்மி. மீன் வியாபாரி; நாவற்குடாவுக்கும் மீன் கொண்டு வருகிறவர் என்பதால் இவர்களைத் தெரியும்.

"என்ன சேர், கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு நடுறோட்டுல?"

"எண்ணெய் முடிஞ்சிட்டு தம்பி" என்றார் பீற்றிஸ்.

"இவ்வளவுதானா! என்கிட்ட ஒரு கான் டீசல் இரிக்கி." ஹில்மி இறங்கி, லொறியின் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கானைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

டொமினிக் கோட்டுப் பையில் கைவிட்டார். பீற்றிஸ் கண்ணை மூடிக்கொண்டார். போத்தல் வெளியே வந்தது. கொஞ்சம் ஊற்றி, வெயிலுக்குப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"இது எங்க அடிச்சது?"

"ஞாபகம் இல்ல சேர்."

"ஓட்டோவா சுப்பரா?"

"டீசல் சேர்."

"அடியில ஏதோ மிதக்குது."

"லொறி ஓடுதே சேர்."

"லொறி ஓடும்" என்றார் டொமினிக், பெரிய மனது வைத்து. "லொறிக்கு இது போதும். என்ட பம்ப் வேற. ஓட்டமாவடிக்கு ஆள் அனுப்பி..."

பீற்றிஸ் கரவனுக்குள் ஏறினார். திரும்பி வரும்போது கையில் கேக் இருந்தது. கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவர் கணவனைத் தனியே விட்டு எங்கும் போனதில்லை. கோபம் வந்தால் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாரே தவிர, குரலை உயர்த்தியதும் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"தம்பி, என்னைக் கோயிலடியில இறக்கி விடுவீங்களா?"

"ஏறுங்க அக்கா. மீன் மணக்கும்."

"மணக்கட்டும்." பிறகு கணவனைப் பார்த்தார். "பத்து மணிக்குப் பூசை. புள்ள வாசல்ல நிக்கும். நீங்க நல்ல டீசலா ஒண்டப் பாத்து அடிச்சிக்கிட்டு வாங்க. நான் போறன்."

ஹில்மி கானைக் கரவனின் படியில் வைத்தார். "மனசு மாறினா ஊத்துங்க சேர்." லொறி போய்விட்டது.

டொமினிக் தனியே நின்றார். குழுவில் ஒரு செய்தி போடலாம் என்று போனை எடுத்தார், சிக்னல் இல்லை. கேட்க ஆள் இல்லை, பார்க்கவும் ஆள் இல்லை. இந்த இனத்தின் கொள்கைகள் இப்படியான இடத்தில்தான் சீக்கிரம் இளகும். ஆனால் அன்று அவை கொஞ்சம் மெதுவாகவே இளகின. கானைப் பார்ப்பார், பாலத்தைப் பார்ப்பார், கோயில் வாசலில் நிற்கும் வெள்ளைக் கலியாண உடுப்பை நினைப்பார், பிறகு இன்ஜெக்டரை நினைப்பார். கடைசியில், சர்மிலா அன்று அணைத்துக்கொண்டு அழுத தோளை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, முகம் துடைக்கும் கைலேஞ்சியை விரித்து அதனூடாக வடித்து வடித்து ஊற்றினார். காற்றை வெளியேற்றும் சின்னப் பம்பைக் கையால் குத்தி, சாவியைத் திருப்பினார். இரண்டாம் தடவையே வண்டி பிடித்துக்கொண்டது. புகைகூட இல்லை. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை டிலுக்ஷனும் சர்மிலாவும் கோயிலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். படம் எடுப்பவர், வாசலில் எடுத்த படத்தைக் கமராவில் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். டொமினிக்கும் எட்டிப் பார்த்தார். சர்மிலாவின் கை ஒரு கைக்குள் இருந்தது. நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தவர் பீற்றிஸ். நீலச் சேலையின் கரையில் ஒரு மீன் செதில் மினுங்கியது.

சர்மிலா வந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பெரியப்பா, பாதர் ரெண்டு தரம் ஆள் அனுப்பினாரு. இன்னும் கொஞ்சம் பாப்பம் எண்டுதான் நிண்டன்."

டொமினிக் வாயைத் திறந்தார். வாவித் தண்ணீர், வண்டல், கந்தகம், எல்லாம் நாக்கின் நுனிவரைக்கும் வந்து, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டன. "மகள்..." என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். சத்தியமாகக் கேட்கத்தான் போனார்.

அப்போது மாப்பிள்ளையின் மாமா முறையான ஒருவர், புதிதாகப் பிக்கப் வாங்கியவர், கரவனைச் சுற்றிவந்து அவர் தோளில் கைவைத்தார்.

"அண்ண, சத்தமே இல்லாம வந்து நிண்டுச்சே! என்ன டீசல் அடிக்கிறீங்க?"

டொமினிக் திரும்பினார். கேட்கப் போன மன்னிப்பு மறந்துவிட்டது.

"அப்பிடிக் கேளுங்க" என்றார். "ஷெட்டுல அடிக்கிற எதுவும் சரிவராது. கான்ல வெச்சி லொறியில ஏத்தி, ஐஸோட ஒரு ரெண்டு நாள் குலுங்கவிடணும். குளிர்ல ஈரமெல்லாம் ஒதுங்கிரும். பிறகு கைலேஞ்சியில வடிச்சி..."

ஆண்கள் வட்டமாகக் கூடிவிட்டார்கள். ஒருவர் கதிரை கொண்டுவந்து போட்டார். பந்தலுக்குள் பீற்றிஸ் கேக் வெட்டக் கத்தியைப் பெண்ணின் கையில் கொடுத்து, டிலுக்ஷனின் கையையும் பிடித்து அதன் மேல் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வட்டத்துக்குள் இருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை. கைலேஞ்சி பருத்தியா நைலோனா என்று ஒருவர் கேட்டிருந்தார். மாலையில் பீற்றிஸ் மட்டக்களப்பு பஸ்ஸில் யன்னலோர சீற்றாகப் பார்த்து ஏறினார்.

இதை வாசித்துச் சிரிக்கும் நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். சும்மா ஒரு கேள்வி. பனிச்சங்கேணியில் வண்டி நின்றபோது உங்கள் மனம் முதலில் எங்கே ஓடியது? கோயில் வாசலில் நிற்கும் பெண்ணிடமா? அல்லது, தாங்கி காயும்வரை ஓட்டினால் வண்டல் முழுக்க பில்டருக்குப் போயிருக்குமே என்றா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் உங்களோடு இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் ஏற்கெனவே பஸ் ஏறியிருக்காவிட்டால், சொல்லுவார்.