மச்சானின் பெயரில் என் சீனி

கைபேசி இலக்கத்தைக் கொடுக்க மறுப்பவனை இந்தக் காலத்தில் எந்தக் கடைக்காரரும் நல்ல மனிதனாகப் பார்ப்பதில்லை. ஒரு பற்பசை வாங்கினாலும், "நம்பர் சொல்லுங்க, பாயிண்ட்ஸ் போடலாம்" என்கிறார்கள். கண்டி நகரில் அப்படிக் கேட்ட காசாளர்களுக்கெல்லாம் நான் நின்று விளக்கம் சொல்லியிருக்கிறேன். இன்று பற்பசை, நாளை என் பல்லின் நிலவரம், மறுநாள் காப்புறுதிக்காரனின் அழைப்பு. எனக்குப் பின்னால் கூடையோடு நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

(நான் ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞன். உத்தியோக காலம் முழுவதும் சனங்களிடம் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் கேட்டே சம்பளம் வாங்கியவன். அந்தக் கடதாசிகள் பிறகு எந்த மூலையில், யார் கண் படும்படி கிடந்தன என்று தெரிந்ததால்தான் இந்தப் பயம்.)

என் மனைவி விஜயாவுக்கு அந்தப் பயம் கிடையாது. "உங்க விசயத்தத் தெரிஞ்சுக்கிட்டு கம்பனிக்காரன் என்னா செய்யப்போறான்? ரெண்டு வேள மாத்திர, மூணு வேள கோபம். அவ்வளவுதானே" என்பாள்.

எல்லாவற்றுக்கும் திகதி குறிக்கும் பழக்கமுள்ள நான், இந்தச் சம்பவத்தை மட்டும் 'சில வருடங்களுக்கு முன், பெரஹரா ஊர்வலம் முடிந்து, மூடிய வீதிகள் திறந்த வாரம்' என்று மொட்டையாக விடுகிறேன். சரியான திகதி விஜயாவிடம் இருக்கிறது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பெரியாஸ்பத்திரியில் எனக்கு வலது கண்ணில் ஒப்பரேஷன். வெண்புரை. நெடுநாள் காத்திருந்து கிடைத்த திகதி. அதற்குள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறும் நிலைக்கு வந்திருந்தேன். மேசையில் புத்தகங்கள் பாதி பாதியில் நின்றன. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனிப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வரவேண்டும், இல்லாவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். என் இரத்தத்தின் இரகசியம் ஒரு கம்பனியின் கணினியில், என் பெயரிலா? அவசரத்தில் பொய்ப்பெயர் தேடினால் கைக்கெட்டிய பெயர்தான் வரும். விஜயாவின் அண்ணன் பெயரைச் சொன்னேன். ராஜரத்தினம். தொலைபேசிக்கு என் இலக்கத்தையே சொல்லி, கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன். வயதையும் அம்பிட்டிய என்ற ஊரையும் உண்மையாகச் சொன்னேன். (முழுப் பொய் சொல்லுமளவுக்கு நான் கெட்டவனல்ல.) உலக வல்லரசுகளையே ஏமாற்றிவிட்ட நடையில் வெளியே வந்தேன்.

வியாழன் மத்தியானம் ரிப்போர்ட் வாங்கப் போனேன்.

"போனுக்கு வந்த மெசேஜக் காட்டுங்க ஐயா."

"மெசேஜ் வரல்லம்மா."

"அப்ப ஐடென்டிட்டி கார்டக் காட்டுங்க."

காட்டவில்லை. அது வேறு பெயரில் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

"மத்தவங்க ரிப்போர்ட்ட குடுக்க ஏலாதுங்க ஐயா. அது அவங்களோட அந்தரங்கம்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுத்திருப்பேன். மறுபடி இரத்தம் எடுக்கலாமா என்றேன். சாப்பிட்டீங்களா என்றாள். நான்கு தோசை.

வீட்டுக்கு வந்தால், விஜயா கைபேசியோடு கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். "எங்க அண்ணனுக்கு சீனியாம்."

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. எத்தனை குழுக்களைத் தாண்டி வந்ததோ. "அஸ்ஸலாமு அலைக்கும். நான் தெல்தெனியவுல ஈக்கிற கடைக்காரன். ராஜரத்தினம் எண்டு அம்பிட்டிய ஐயா ஒருத்தர்ட ரத்த ரிப்போர்ட் என்ட போனுக்கு வந்தீக்கி. சீனி நல்லாக் கூட. பாவம், அந்த மனுசன் தெரியாம இனிப்பு தின்னுட்டு ஈப்பார். தெரிஞ்சவங்க செல்லுங்க." கீழே ரிப்போர்ட்டின் படம்.

ராஜரத்தினம் மச்சான் இருப்பது ஹேவாஹெட்டயில். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. விஜயா ஏற்கெனவே அவரை அழைத்து அழுதிருந்தாள். அவர், "நான் ரத்தமே குடுக்கல்லயே" என்றிருக்கிறார். ஆண்கள் இப்படித்தான் மறைப்பார்கள் என்று பெண்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மச்சானின் மனைவி வீட்டிலிருந்த லட்டு முழுவதையும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை மங்கிய கண்ணுக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"போன எடுங்க. அந்தக் கடைக்கார நானாவோட பேசுங்க."

கடைசி எண்ணை மாற்றி நான் சொன்ன இலக்கத்துக்குச் சொந்தக்காரரான தெல்தெனிய நானா லேசில் நம்பவில்லை. "நீங்க தான் அவர் எண்டு நான் எப்பிடி நம்புற? கண்டவங்களுக்கு அடுத்தவன்ட ரத்த ரிப்போர்ட்டக் குடுக்க ஏலுமா?" என்றார். (குழு குழுவாக அனுப்பிய பிறகு.) என் அடையாள அட்டையை இருபுறமும் படமெடுத்து அனுப்பினேன். "இதுல வேற பேரல்லவா ஈக்கி?" என்றார். அதன்பிறகு என் மாத்திரைகள், மலச்சிக்கல், இரவில் எழும்பும் கதை எல்லாவற்றையும், அவர் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்க, விளக்கினேன். அவர் கடையில் அப்போது நல்ல கூட்டமாம். அவர்களும் கேட்டு, ஒரு மனதாக என்னை நம்பினார்கள். ரிப்போர்ட் வந்தது.

வெள்ளி காலை வார்டில் தாதி அதை வாங்கிப் பார்த்தாள். "இது ராஜரத்தினத்தோடது. நீங்க யாரு?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் விரலில் குத்தி அங்கேயே பார்த்தாள். ராஜரத்தினத்துக்கு எவ்வளவோ, எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. சீனியைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னாள். கட்டில் ஒரு கடுகண்ணாவைக்காரருக்குப் போயிற்று. அடுத்த பெரஹரா நெருங்கும்போதுதான் என் கண் திறந்தது. அதுவரை பத்திரிகையை விஜயாதான் வாசித்துக் காட்டினாள், மரண அறிவித்தல்களும் தங்க விலையும் மட்டும்.

என் சீனி இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. ராஜரத்தினம் மச்சானுடையதுதான் இல்லை. அந்தக் குரல்பதிவு சில மாதத்துக்கொரு தடவை எங்காவது கிளம்பி மறுபடி சுற்றுகிறது. பழைய தேயிலைத் தோட்டத்து நண்பர்கள், முகமறியாதவர்கள் எல்லாரும் அவரை அழைத்துப் பாகற்காய் சிபாரிசு செய்கிறார்கள். போன தைப்பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி வந்தது. மச்சானின் இலையில் அவர் மனைவி, நாங்கள் எவ்வளவு விளக்கியும் நம்பாமல், வெண்பொங்கலை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மச்சான் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், அந்த ஆய்வுகூடத்துக்கு நாளைக்கு ரெண்டு பேரும் ஒருக்கா போவமா?" என்றார். "இந்தத் தடவ நான் உங்க பேரச் சொல்றேன்."