காந்தக் கையன் குதிக்கையில் வரும் இசை

பறவை ஆராய்ச்சிக்காரர்கள் குரலை வைத்தே இனத்தைச் சொல்லிவிடுவார்கள். நான் இங்கே அறிமுகப்படுத்தப் போகும் இனத்தைக் கையை வைத்துச் சொல்லிவிடலாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மத்தியான நேரம், மூலையில் தொலைக்காட்சி ஏதோ ஒரு சவர்க்கார விளம்பரத்தைக் கத்திக்கொண்டிருக்கிறது. ரசம் ஊற்ற வந்த அக்கா வாளியோடு நிற்கிறார். எதிரே ஒரு மனிதர், சோறு பிசைந்த வலது கையை இலையிலேயே விட்டுவிட்டு, இடது கையை உயர்த்தி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்கிறார். அக்கா வாயே திறக்கவில்லை. அதனால் என்ன? ரசம் விழும் சத்தம்கூட அவருக்குப் பேச்சுதான். அவரைத்தான் சொல்கிறேன்: பின்னணி இசை வேட்டைக்காரர்.

சங்கீத ரசிகர் என்று நினைத்துவிடாதீர்கள். ரசிகர் பாட்டைக் கேட்பவர். இவர் பாட்டைச் சீண்டவும் மாட்டார். பாடியது யார், இசையமைத்தது யார் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. அதில் இவருக்கு என்ன வேலை? இவருக்கு வேண்டியது, இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சுக்கு அடியில் யாரும் கவனிக்காமல் ஓடுகிற இசை. அதிலும் எழுபதுகளில், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில், பள்ளிக்கூடச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்த சூப்பர் ஹீரோ கார்ட்டூன்களின் இசை. கார்ட்டூனின் கதை என்ன என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. கதாநாயகன் பேசுவது இவருக்கு இடைஞ்சல். வில்லன் சிரிப்பது அதைவிட இடைஞ்சல்.

அந்தக் கார்ட்டூன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை தாராளமாகச் செலவழித்து எடுத்தவை அல்ல. கதாநாயகன் பேசினால் உதடு மட்டும் அசையும். ஓடினால் அவன் நின்ற இடத்திலேயே காலை ஆட்டுவான், பின்னாலிருக்கும் கட்டடங்கள்தான் ஓடும். ஓடி முடிந்ததும் அதே கட்டடங்கள் திரும்பவும் வரும். கட்டடத்தையே புதிதாக வரையாதவர்கள் வாத்தியக் கோஷ்டிக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கென்றே ரெடிமேட் இசை விற்கும் கம்பெனிகள் இருந்தன. ரெடிமேட் சட்டையைப் போலத்தான், யார் அளவுக்கும் தைத்தது இல்லை, யாருக்கும் ஓரளவு பொருந்தும். இசைத்தட்டின் உறையில் துரத்தல், பதுங்கல், ஆபத்து நெருங்குகிறது, ஆபத்து விலகியது என்று உபயோகத்தைத்தான் அச்சடித்திருப்பார்கள். இந்த வாரம் கார்ட்டூனில் வில்லனைத் துரத்திய அதே 'துரத்தல்' அடுத்த வாரம் செய்திப் படத்தில் குதிரைப் பந்தயத்துக்கு ஓடும், அதற்கடுத்த வாரம் பற்பசை விளம்பரத்தில் கிருமியைத் துரத்தும். வாசித்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது, எழுதியவருக்கே மறந்துபோயிருக்கும். இப்படி உலகமே மறந்துபோன ஒன்றுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க யாராவது பிறக்க வேண்டும் அல்லவா? பிறந்திருக்கிறார்கள். கிள்ளானிலும் இருக்கிறார்கள், செமினியிலும் இருக்கிறார்கள்.

இந்த இனத்துக்குத் தனி அனுஷ்டானங்கள் உண்டு. பழைய இசைத்தட்டு விற்பவரிடம் போய், தட்டின் பெயரைச் சொல்லாமல், "டட் டட் டா, டடடா" என்று பாடிக் காட்டுவார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைக்காரர் இவர்கள் வருவதைத் தூரத்தில் கண்டாலே சாப்பிடப் போய்விடுகிறார். இங்கிலாந்தில் யாரோ ஒருவருடைய தாத்தா அந்தக் காலத்தில் டிராம்போன் ஊதினார் என்று கேள்விப்பட்டால், அந்தப் பேரனுக்கு மின்னஞ்சல் போவது நிச்சயம். இணையத்தில் குழு உண்டு. அங்கே எல்லோரும் புனைபெயரில், பிறந்தது முதல் பகையாளிகளைப் போலச் சண்டை போடுவார்கள். ஒருவர் பாடுபட்டுக் கண்டுபிடித்து ஒன்றைப் போட்டால் மற்றவர் பாராட்ட மாட்டார். "இது அதில்லை, அதோட தம்பி" என்பார். இதைவிடப் பெரிய அவமானம் அந்த உலகத்தில் கிடையாது.

பொதுக் குணம் போதும். ஒரு மாதிரியைப் பார்ப்போம். நிர்மலன் என் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். இவரும் நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் இவர் ஒரு கோப்பைக்கூடத் தொலைத்ததில்லை என்று மனைவி ராஜினி பெருமையாகச் சொல்வார். வீட்டில் தான் சொன்னது எதையும் இவர் காதில் போட்டுக்கொண்டதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வார்.

நிர்மலன் தேடியது ஒரே ஒரு துண்டு. காந்தக் கையன் என்று ஒரு கார்ட்டூன். இரும்பையெல்லாம் கையால் இழுக்கிற வீரன். ஒவ்வொரு வாரமும் அவன் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிப்பான். அப்போது ஒரு இசை எழும், எக்காளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏறிப் போகும், உச்சிக்கு இன்னும் ஒரு படிதான் என்கிற இடத்தில் வெடிச் சத்தம். காட்சி மாறிவிடும், இசையும் அறுந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில். அதற்கப்புறம் என்ன? இந்தக் கேள்வி பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது நிர்மலனுக்குள் நுழைந்தது. அவர் படித்தார், வேலைக்குப் போனார், கல்யாணம் செய்தார், வாணி என்று ஒரு மகளைப் பெற்றார், தலை நரைத்தது. கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஏறுமுகம் எங்கே போய் முடிகிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் வாணி தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள விரும்பினாள். கிள்ளானில் மசாலாத் தூள் வியாபாரம் செய்யும் இராமலிங்கத்தின் மகன். நல்ல பையன், நல்ல குடும்பம். ஆனால் உத்தியோகக் குடும்பத்துக்காரர்கள் நம்மைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்களோ என்று பையனின் அம்மா சீதாலெட்சுமிக்கு ஒரு சந்தேகம். வாயால் சொல்லவில்லை, முகத்தில் இருந்தது. ராஜினியும் வாணியும் மாதக்கணக்கில் பேசிப் பேசி, மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். கார் ஓட்ட என்னை அழைத்தார்கள். புறப்படும்போது ராஜினி கணவரின் ஹெட்போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அங்க போய்க் காதைத் தீட்டிக்கொண்டு இருக்காதேங்கோ. ஆக்கள் கேக்கிறதுக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கோ."

வாணி கிள்ளான் போய்ச் சேரும் வரைக்கும் சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

எல்லாம் நன்றாகவே ஆரம்பித்தது. நிர்மலன் முகத்தைப் பார்த்தார், பதில் சொன்னார், உளுந்து வடையைப் பாராட்டினார். அப்போதுதான் இராமலிங்கம் ரிமோட்டைக் கையில் எடுத்தார். அவர் மனைவியும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இராமலிங்கத்தின் அப்பா அய்யாவுதான் வியாபாரத்தை ஆரம்பித்தவர். அந்தக் காலத்தில் சினிமாத் தியேட்டர்களில் இடைவேளையில் போட ஒரு விளம்பரப் படம் எடுத்திருந்தார். அதை மகன் பத்திரமாக வைத்திருந்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். இதுவும் ஒரு தனி இனம்தான்.

திரையில் ஒரு லோரி கிள்ளான் தெருக்களில் பறந்தது. ஒரு வீட்டில் குழம்பு கொதிக்கிறது, மசாலாத் தூள் தீர்ந்துவிட்டது, லோரி வந்தாக வேண்டும். அறிவிப்பாளர் தூள் வகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்த சீதாலெட்சுமி, இத்தனை நாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டுவிட இதுதான் நேரம் என்று நிர்மலன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுல பொண்ணு குடுக்க உங்களுக்கு மனசார சம்மதம்தானா?"

வாணி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பையன் பார்த்தான். ராஜினி மூச்சைப் பிடித்துக்கொண்டார். நிர்மலனின் தலை மெதுவாகச் சாய்ந்தது. கண்கள் மூடின. இடது கை எழுந்தது.

"கொஞ்சம் பேசாம இருங்கோ."

லோரிக்குப் பின்னால் எக்காளங்கள் ஏறிக்கொண்டிருந்தன. எனக்கே கேட்டது; எதிர்வீட்டுக் கதவு வழியாக எத்தனை வருடம் கேட்டிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் வேறு யாருக்கு அது தெரியும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சம்மதமா என்று கேட்ட ஒரு தாயைப் பெண்ணின் அப்பா கையைக் காட்டி வாயடைத்தார் என்பதுதான். சீதாலெட்சுமி எழுந்து, வடைத் தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பையன் தரையைப் பார்த்தான். வாணியின் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. இது நடக்கும் என்று தெரிந்தே வந்தவளின் முகம் அது.

சமையலறைப் பாத்திரச் சத்தத்தில் இசையின் கடைசிப் பகுதி காதில் விழாமலே விளம்பரம் முடிந்தது. இராமலிங்கம் ரிமோட்டை வைத்துவிட்டு, என்ன அண்ணே விஷயம் என்று கேட்டார். குரலில் முன்பிருந்த இனிப்பு இல்லை. நிர்மலன் கண்ணைத் திறந்தார்.

"அந்த விளம்பரத்தை இன்னொருக்காப் போடுவீங்களோ?"

இராமலிங்கம் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பாவம், அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. போட்டார். இந்த முறை நிர்மலன் எழுந்துபோய், தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, காதை வைத்தார். லோரி பறந்தது. எக்காளங்கள் ஏறின. வெடிச் சத்தம் வரவேண்டிய இடம் வந்தது, வெடிக்கவில்லை. லோரி வீட்டு வாசலில் நின்றது. வெள்ளைச் சட்டையில் அய்யாவு இறங்கி, பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓடியது, ஆயுள் முழுக்க நிர்மலன் காத்திருந்த அந்த மிச்சம்.

அது ஒரு கோமாளி நடை. வாத்து தத்தித் தத்திப் போவதுபோல ஒரு குழல், இடையிடையே விக்கல், கடைசியில் ஒரு மணி. டிங். அவ்வளவுதான்.

நிர்மலன் எழுந்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. கடலைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்கடையைக் கண்டவரின் கண்ணீர். ஆனால் இராமலிங்கம் கண்டது வேறு. தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் முட்டி போட்டு, கண்ணீரோடு எழுந்திருக்கிறார். அவர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். சமையலறை வாசலில் சீதாலெட்சுமியும் வடைத் தட்டோடு வந்து நின்றார்.

இந்த இனத்தால் உண்மையை அடக்க முடியாது. நிர்மலன் வாயைத் திறந்தார்; அந்தக் குழலைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வாணியைப் பார்த்தார். வாயை மூடினார். மறுபடி திறந்தபோது, கை திரையைக் காட்ட, வேறு ஒன்று வந்தது.

"பெரியவர் முன்னுக்கு நிக்கேக்க நாங்கள் கதைக்கக் கூடாதெண்டு நினைச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முழுச் சம்மதம்."

வடைத் தட்டு திரும்பி வந்தது. இராமலிங்கம் மூன்றாவது முறையும் விளம்பரத்தைப் போட்டார். யாரும் மூச்சு விடவில்லை.

திரும்பும்போது பெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். ராஜினி நிம்மதியில் தூங்கிவிட்டார். வெகுநேரம் கழித்து வாணி, அதற்கப்புறம் என்ன என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டாள். தெரிந்தது என்றார் நிர்மலன். கோமாளி நடையை மெல்ல முணுமுணுத்துக் காட்டினார். வாணி சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன்பா. ஒரு தடவையாச்சும், அதுக்கப்புறம் என்னன்னு என்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

நிர்மலன், அந்தப் பையனை முதலில் எங்கே சந்தித்தாய் என்று கேட்டார். மின்சாரம் போன ஒரு நாள், அலுவலக மாடிப்படியில் என்று வாணி ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு என்றார். நான் கைநீட்டி வானொலியை அணைத்தேன். நெரிசலில் நின்ற பக்கத்து லோரியிலிருந்து ஏதோ ஒரு விளம்பர இசை வந்தது. நிர்மலனின் இடது கை மேலே எழும்பப் பார்த்தது. அவர் வலது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, மகள் சொல்வதைக் கேட்டார்.

திருந்திவிட்டார் என்று முடிக்க ஆசைதான். ஆனால் நான் இனத்தைப் பற்றி எழுதுகிறேன். கல்யாணம் கிள்ளானில் சிறப்பாக நடந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் சம்பந்தி அந்த விளம்பரத்தைப் போடுகிறார், இவரும் கைகட்டி நின்று பார்க்கிறார். இணையக் குழுவில் மட்டும், தான் கேட்ட முடிவைப் பற்றி இவர் மூச்சு விடவில்லை. வெடிச் சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று அங்கே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நிர்மலனும் புனைபெயரில் போய், நிச்சயமாக எக்காளம்தான் என்று வாதாடிவிட்டு வருகிறார்.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று நினைக்கிறீர்கள். கார்ட்டூன் பார்த்ததில்லை, டிராம்போனைக் கண்டதில்லை. சரிதான். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் எங்கோ, வீட்டில் யாரோ உங்களிடம் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். நீங்கள் படித்த பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையைக் கொஞ்சம் தூக்கினீர்கள். வந்தது யார்? போய், அதற்கப்புறம் என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள்.