வேண்டாம் வேண்டாம் என்று பூட்டிய குதிரை

என் வீட்டுக்காரர் சென்னப்பன் ஒரு சபதம் போட்டார். பாப்பாரப்பட்டியில் என் தம்பி மாதவராஜ் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். போனால் சொந்தக் குதிரை வண்டியில்தான் போவாராம். இல்லாவிட்டால் யாரும் போக வேண்டாமாம். டவுன் பஸ்ஸில் கசங்கிப்போய் இறங்கினால் மச்சான் மதிப்பானா?

எனக்கோ போயே ஆக வேண்டும். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஒன்பதரைக்கு நல்ல நேரம்.

குதிரை வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. விற்றவர் ஒரு தடவை பூட்டிக் காட்டினார். அப்போது இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"முப்பது வருசம் மாடு பூட்டுனவன். குதிர எம்மாத்திரம்?"

வண்டியின் முன்கம்புகளைத் தூக்கிப் பிடித்து நாக்கைச் சொடுக்கினார். மாடு என்றால் தானாக வந்து நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்கும். குதிரை அவரை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் திரும்பி நின்றுகொண்டது.

"தள்ளித்தான் உடணும்."

"ஐயோ, பின்னாடி போவாதீங்க! ஒதைக்கும்!"

"நீ சும்மா இரு."

போனார். உதைத்தது. அவர் தப்பினார். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பக்கெட் எதிர்வீட்டுக் காவேரியின் கூரையில் போய் உட்கார்ந்தது.

இருபத்தாறு வருஷமாக நான் சொல்வதற்கு நேர்மாறாகவே செய்கிற மனுஷர். பதற்றத்தில் அதை மறந்துவிட்டேனே!

"என்னாங்க, முன்னாடி மட்டும் போயிடாதீங்க. கடிச்சிடும்."

"என்னையா கடிக்கும்?" முன்னால் போய் நின்றார்.

"கடிவாளத்த கடைசியில போட்டுக்கலாங்க."

அதைத்தான் முதலில் போட்டார்.

"நான் புடிச்சிக்க மாட்டேன். பயமா இருக்குது."

"புடி!" பிடித்துக்கொண்டேன்.

"வண்டிய குதிரகிட்ட இழுத்துக்கிட்டு வராதீங்க. இடுப்பு புடிச்சிக்கும்."

"யாருக்கு? எனக்கா?" ஒரே இழுப்பில் கொண்டுவந்து சேர்த்தார்.

"வயித்து வார நல்லா இறுக்குங்க."

"அது மூச்சு உட வேணாமா?" இரண்டு விரல் நுழையும்படி விட்டுக் கட்டினார்.

"கயித்தப் புடிக்காமயே ஏறுங்க. கை காச்சிடும்."

கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். குதிரை பூனை மாதிரி கிளம்பியது.

ஒன்பதே காலுக்குப் புது வீட்டு வாசலில் இறங்கினோம். தம்பி ஓடி வந்தான்.

"மச்சான், உங்கக்கா பேச்ச மட்டும் கேட்டிருந்தேன், இன்னிக்கு தருமபுரி ஆஸ்பத்திரியில படுத்திருப்பேன்!" என்றார் இவர்.

"இருக்குங்க மாமா" என்றான் தம்பி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

பால் பொங்கியது. பந்தி முடிந்தது. நான் பையைக் கையில் எடுத்தேன்.

"ராத்திரி தங்கறதெல்லாம் வேணாங்க. வெயில் தாழ நம்ம வூட்டுக்கே போயிடலாம்."

இவர் வாயைத் திறப்பதற்குள் தம்பி பாய் எடுக்க உள்ளே போனான்.