பாட்டன் கொடுத்த ஈரல்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. உடம்புக்கு என்ன வந்தாலும் அதைத் தாங்கள் வரவழைக்கவில்லை, முன்னோர்கள்தான் அனுப்பிவைத்தார்கள் என்று சத்தியம் செய்கிற இனம். தொப்பை பாட்டனுடையது, சர்க்கரை பெரியப்பா வழியில் வந்தது, ரத்தக்கொதிப்பு குடும்பச் சொத்து. சொந்தமாகச் சம்பாதித்தது பசி மட்டும்தான். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எந்தப் பந்தியிலும் மறுசோறு வாங்கும்போது பெருமூச்சு விடுகிறவரைப் பாருங்கள்.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் கதிர்வேல் அந்த இனத்தில் அசல். போன தை மாதம் வயிற்றை ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் கொழுப்பு, கிரேடு டூ என்று வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் ஜெஸ்ஸி, "தினமும் நடங்க, இனிப்பையும் பொரிச்சதையும் விடுங்க. இல்லன்னா ஈரல் தழும்பேறி இறுகிடும்" என்றார். கதிர்வேல் பயந்துதான் போனார். சாயங்காலம் வரைக்கும் பயந்தார். அதற்குள் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்துவிட்டது.

ஈரல் கொழுப்புக்கு ஒரு ஜீன் மாற்றமும் காரணமாம். மெக்சிகோ பக்கத்து மக்களிடம் அது அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு, நம்மவர்கள் நடுவில். ஆனாலும் நம்மவர்களுக்கு ஆள் ஒல்லியாக இருந்தால்கூட ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது என்று கண்ணாடி போட்ட ஒருவர் விளக்கினார். ஜீன் எதுவானாலும் சாப்பாடும் நடையும் முக்கியம் என்றும் கடைசியில் சொன்னார். அதைக் கேட்கக் கதிர்வேல் இல்லை. அல்வா டப்பாவைத் தேடிப் போயிருந்தார்.

அன்றிலிருந்து அவர் முகத்தில் ஒரு தெளிவு. டீக்கடையில் பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "நம்ம கையில என்னங்க இருக்குது? எல்லாம் ஜீனுங்க" என்பார். குலதெய்வக் கோயில் கிடா விருந்தில் பங்காளிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது, "ஸ்கேன்ல கொழுப்புன்னு வந்தவங்கெல்லாம் கையைத் தூக்குங்க பாக்கலாம்" என்று ஒரு ஆராய்ச்சியே நடத்தினார். குழம்புக் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. "பாத்தீங்களா? நம்ம கூட்டத்துக்கே இருக்குது!" அந்தக் குரலில் கவலையா இருந்தது? கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டியவர்கூட அவ்வளவு பூரித்திருக்கமாட்டார்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு கோளாறு. ஜீனையும் அவர் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளின் கூட்டத்தைப் போலவே நினைத்துக்கொண்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் புருஷனுடைய கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள் அல்லவா? அதனால் ஜீன் வாசற்படியோடு நின்றுவிடும் என்பது கணக்கு. திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் பிரவீனா வரும்போதெல்லாம் அதிரசத்தை அடுக்கிவைத்து, "தின்னு சாமி. நீ இப்ப வேற கூட்டம், உனக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவளுக்கும் விடுதலை கொடுத்துவிட்டார்.

ஆடியில் வந்த பிரவீனா அதிரசத்தைத் தொடவில்லை. அவள் காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்புக்காரி.

"எனக்கும் ஈரல்ல கொழுப்பாமுங்கப்பா. கிரேடு ஒன்."

கதிர்வேல் மறுபடியும் பயந்தார். இந்த முறை அது சாயங்காலத்தில் தீருகிற பயமாகத் தெரியவில்லை.

"இருக்காது சாமி. மாப்பிள்ளை ராத்திரி ராத்திரி பரோட்டா வாங்கியாறாரில்ல, அதாத்தான் இருக்கும். நாளைக்கே நிறுத்திப்போடு. நல்லா நட."

"ஏனுங்கப்பா, எனக்குன்னா பரோட்டா, உங்களுக்குன்னா ஜீனுங்களா?"

"நீதான் வேற கூட்டமாச்சே..."

"தாலி கட்டுனா கூட்டம் மாறும், சரி. ஈரலுமா மாறும்? நான் உங்க புள்ளைதானுங்க." அவள் அதிரசத் தட்டைத் தள்ளிவைத்தாள். "குடும்பத்துல யாருக்காச்சும் இருக்குதான்னு டாக்டர் கேட்டாங்க. அப்பாவுக்குன்னேன். அப்படின்னா மத்தவங்களைவிட நீங்க இன்னும் சாக்கிரதையா இருக்கோணும்னாங்க. அப்பா எப்படிப் பாத்துக்கறாருன்னும் கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க?"

செத்துப்போன பாட்டன் மேல் எதைப் போட்டாலும் அவர் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. இவள் கேட்கிறாள். தானும் ஒருத்திக்கு முன்னோர்தான் என்பது அப்போதுதான் கதிர்வேலுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, மகளை நினைத்து அழுகையும் வந்தது. மறுநாள் விடிகிற நேரத்தில் கோழிக் கொட்டகைகளைச் சுற்றி வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, "அப்பா நடக்கறாருன்னு சொல்லிப்போடு சாமி" என்றார்.

அவர் எத்தனை நாள் நடப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். "எங்கள் வீட்டில் எல்லாருக்குமே இப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே எதையோ எடுத்து வாயில் போட்டீர்களே, உங்கள் பிள்ளை எங்கே? சற்றுத் திரும்பிப் பாருங்கள். அதே தட்டில்தான் கை வைத்திருக்கும்.