லிசி மேடத்தின் தப்பு விடைகள்

லிசிக்குப் போன் வந்தது. அதுவே ஒரு அதிசயம்.

"மேடம், பத்தாவது கேள்விக்கு விடை தப்பா இருக்குங்க" என்றது ஒரு ஆண் குரல்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மலைக்கோட்டை பக்கத்து வங்கித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றுக்கு லிசி வாரா வாரம் கேள்வித்தாள் எழுதுகிறாள். கையால் எழுதிக் கூரியரில் அனுப்பினால், அச்சான தாள் அவள் போனுக்கு வரும். 'கூற்றும் அனுமானமும்' அவளுடைய பகுதி. ஒருவர் ஒன்றைச் சொன்னால், சொல்லாமலே எதை நம்பிக்கொண்டு சொல்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளின் அடியில் 'சந்தேகங்களுக்கு' என்று அவள் நம்பர் இருந்தது. ஒரு பிள்ளைக்கும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை. காட்டூர் வீட்டில் அந்தப் போன், லோன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்காகவே உயிரோடு இருந்தது.

"உங்க பேரு தம்பி?"

"தைரியராஜுங்க."

போனில் வந்திருந்த தாளைத் திறந்து பார்த்தாள். கூற்று: 'வீட்டுக்கு வாங்க, காபி சாப்பிடலாம்.' அனுமானம்: வீட்டில் ஆள் இருக்கும். விடை: பொருந்தாது.

"ஆள் இல்லாத வீட்டுக்கு யாராச்சும் கூப்பிடுவாங்களா மேடம்?"

"ஒரே ஒரு ஆள்தான் இருக்குன்னா?"

"ஒருத்தர் இருந்தா போதாதுங்களா?"

லிசி சிரித்துவிட்டாள். பிறகு பேச்சு காபியிலிருந்து பால் விலைக்குப் போய், காவிரியில் தண்ணீர் வந்ததில் நின்றது. போனை வைத்தபோது அடுப்பில் சாதம் அடிபிடித்திருந்தது. பாத்திரத்தைச் சந்தோஷமாகத் தேய்த்தாள்.

அடுத்த வாரம் அவன் கூப்பிடாவிட்டால்? அந்த நினைப்பையே அவளால் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தாள். கூற்று: 'ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் துண்டு போட்டார்.' அனுமானம்: கூட வர ஆள் இருக்கிறது. பொருந்தாது என்று எழுதி அனுப்பினாள்.

தைரியராஜ் கூப்பிட்டான். ஆனால் அவன் சொன்னது துண்டை அல்ல.

"ஆறாவதுங்க மேடம்."

பார்த்தால் அதுவும் தப்பு! ஒன்று வைத்த இடத்தில் இரண்டு முளைத்திருந்தது.

"எத்தனாவது தடவை பரீட்சை எழுதறீங்க தம்பி?"

"அதெல்லாம் நிறைய ஆச்சுங்க" என்று இருமினான்.

துண்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், அவர்களுடைய அம்மாக்கள் கூப்பிட்டார்கள்.

"என் புள்ள பேங்க்ல உக்காரணுமா, பஸ்ல நிக்கணுமா?" என்று ஒரு அம்மா கத்தினாள். கடைசியில் மையம் நடத்தும் ரங்கநாதனே கூப்பிட்டார்.

"இன்னொரு தப்பு வந்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன் மேடம்."

வேலை போனால் நம்பர் போகும். நம்பர் போனால் தைரியராஜும் போய்விடுவான். அந்த வாரம் ஒவ்வொரு விடையையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து அனுப்பினாள். பொட்டுத் தப்பு இல்லை. தப்பில்லாத தாளுக்கு யார் போன் செய்யப் போகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பிடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது.

"மேடம், மூணாவது விடை..."

தாளைப் பார்த்தாள். தப்புதான். புத்தி தடுமாறுகிறதா? தனியாக இருப்பவளிடம் இதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

"எனக்கு வயசாயிடுச்சு தம்பி. நாளைக்கு வேலையை விட்டுடறேன். நீங்க நல்லாப் படிங்க."



"வேணாம் மேடம்" என்று மட்டும் கேட்டது.

மறுநாள் மையத்தில் ரங்கநாதன் இல்லை. வரவேற்பு மேசையில் சம்ரீன் என்ற பெண் இருந்தாள்.

"சார்கிட்ட சொல்லிடும்மா, நான் நின்னுக்கறேன். சரின்னு நெனச்சு எழுதறதெல்லாம் தப்பாயிடுது. உங்க ஸ்டூடன்ட் தைரியராஜ்கிட்டயும் சொல்லிடு. அந்தப் புள்ள ஒண்ணுதான் எங்கிட்ட பொறுமையா பேசுச்சு."

சம்ரீன் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஸ்டூடன்ட்டா? அவரு எங்க டைப்பிஸ்ட்டு மேடம், உங்க வயசு இருக்கும். நீங்க சரியா எழுதி அனுப்பறதை அவருதான் உங்க போனுக்கு வர்ற தாள்ல மட்டும் வாரம் ஒண்ணு மாத்தி அடிக்கிறாரு, கேட்டா 'தப்பு இல்லேன்னா என்னன்னு சொல்லி அவங்களுக்குப் போன் பண்றதும்மா'ங்கறாரு!"