கொசுவலை அண்ணாச்சியின் மஞ்சள் தேனீக்கள்

தேனீக்களை வீட்டுக்கு அழைத்துவந்து விருந்து வைத்து மறுநாள் காலையில் வழியனுப்பி வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்தார். பலசரக்குக் கடையில் கணக்குப் பார்த்தவர். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. எங்களுக்கு அவர் கொசுவலை அண்ணாச்சி.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் புது வாத்தியார், அவருக்கு அடுத்த வீட்டுக் குடித்தனம். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது ஆளுக்கொரு நாற்காலி எடுத்தார்கள், அண்ணாச்சி கொசுவலை எடுத்தார். அதைக் கட்டிலில் கட்டவில்லை, உடம்பில் கட்டிக்கொண்டார். எந்த மரக்கிளையிலாவது தேனீக் கூட்டம் கொத்தாகத் தொங்குகிறது என்று கேள்விப்பட்டால் வலைக்குள் புகுந்து ஏணியோடு கிளம்பிவிடுவார். ஒரு கையில் நீள மூங்கில், அதன் நுனியில் பனையோலைப் பெட்டி, மூடியைச் சாத்த ஒரு கயிறு. மறு கையில் துறட்டி. பெட்டியைக் கொத்துக்கு அடியில் நீட்டித் துறட்டியால் கிளையை உலுக்கினால் பாதிக் கூட்டம் பெட்டியில் விழும். மீதி, கீழே கயிற்றைப் பிடித்து நிற்கும் என்மேல் விழும். எனக்கு வலை கிடையாது.

பிடித்த கூட்டத்தைப் பானையில் குடிவைத்து, கருப்பட்டிப் பாகு ஊற்றுவார். விடிந்து பார்த்தால் பானை காலியாக இருக்கும்.

தெரு முழுக்கச் சிரித்தது. அவர் மனைவி கோமதி மதினி மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தவர். "இந்த வீட்டுல எதுதான் தங்குது? ஈ தங்கவா போவுது?" என்பார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணாச்சிக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரே ஒரு கூட்டத்தையாவது தங்கவைத்து மதினிக்குக் காட்டியாக வேண்டும்.

ஒருநாள் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "வாத்தியாரே, நாம பிடிக்கதெல்லாம் ஒரே கூட்டம்தாம்வே. போற மாதிரிப் போயிட்டுத் திரும்ப வருது. பிரியம் இல்லாமலா வரும்?"

அடையாளம் வைக்க, மதினி ஆற்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பானையிலிருந்த கூட்டத்தின்மேல் மஞ்சள்தூளை அள்ளித் தூவினார்.

மறுநாள் வழக்கம்போல் பானை காலி. கூட்டம் தெருமுனை வேப்பமரத்தில் மஞ்சளாகத் தொங்கியது. வேப்பமரம், மஞ்சள். தெருவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நாங்கள் ஏணியோடு போய்ச் சேருவதற்குள் அம்மன் வந்து இறங்கிவிட்டாள். மரத்தில் சிவப்புத் துணி, அடியில் பொங்கல் பானை, ஒரு பெண்ணுக்கு அருளே வந்துவிட்டது. அண்ணாச்சி வேண்டுதலுக்கு வேஷம் கட்டி வந்திருக்கிறார் என்று நினைத்து, கொசுவலைக்கு மேலேயே திருநீறு பூசினார்கள்.

"மஞ்சள் நாம போட்டதுன்னு சொல்லும்வே," என்று வலைக்குள்ளிருந்து முனகினார்.

"நான் வேதக்கோயிலுக்குப் போற கிறிஸ்தவன். நான் சொன்னா இந்த மரத்துலயே கட்டிப்போட்ருவாக. நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சி வலையைத் தூக்கி வாயைத் திறந்தார். அப்போதுதான் மதினியின் குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண்களிடம் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நேத்து ராத்திரி ஆத்தா எங்க வீட்டுலதான் தங்கியிருந்தா."

அண்ணாச்சி திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் பொழுது விடிந்ததும் கூட்டம் வேப்பமரத்தையும் விட்டுவிட்டு ஆற்றுப் பக்கமாகப் பறந்துபோய்விட்டது. பொங்கல் வைத்தவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். எது குற்றம், யார் குற்றம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. மதினி ஒருவர்தான் முகம் வாடாமல் வீட்டுக்கு வந்து, காலிப் பானையைக் கழுவித் தன் கையாலேயே பாகு ஊற்றிவைத்தார்.

அண்ணாச்சி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"வாத்தியாரே, மஞ்சளைப் போட்டது நான்தான?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நீரு பார்த்தீராவே?"

பார்த்தேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் அவர் கேட்ட விதத்தில் எனக்கே குழம்பிவிட்டது. அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த பிரியத்தில், சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் தேனீ ஒன்று காதருகே பறந்தால், அது மஞ்சளாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.